உளுந்தங்களியை இனி யாருக்குக் கிண்டுவது?

பொருநைக்கரை:

கல்லிடைக்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். வயது 48. மூத்தவளுக்குச் சென்னையில் ஐடி வேலை, துரைப்பாக்கத்தில் மகளிர் விடுதி. இளையவன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வீட்டில் இப்போது நானும் அவரும்தான்.

மகள் வேலைக்குப் போனதில் இருந்து மாசம் தவறாமல் ஒரு அட்டைப்பெட்டி கட்டி, அவர் திருநெல்வேலி போகிற அன்று ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வேன். இட்லிப்பொடி, எள்ளுப்பொடி, புளிமிளகாய், சுண்டவத்தல், இடிசாம்பாருக்குப் பொடி, உளுந்தமாவு, கருப்பட்டி, எங்கள் ஊர் அப்பளம். போன வாரம் போனில், "அம்மா, இனிமே பெட்டி அனுப்பாத. வேணும்னா நானே கேக்கேன்" என்று சொல்லிவிட்டாள். கோபம் எதுவும் இல்லை. மழை பெய்யுதா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அரைக்கிலோ தொலி உளுந்து வறுத்து வைத்திருக்கிறேன். அதை என்ன செய்ய? இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சில மாசம் வராது, வந்தால் லேசில் நிற்காது. ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. பிள்ளைகள் போன வருத்தமா, உடம்புக் கோளாறா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்த வயதில் இருக்கிற அம்மாக்கள் என்ன செய்கிறீர்கள்?

துரைப்பாக்கத்து நெல்லைக்காரி:

சித்தி, நானும் அதே பக்கம்தான் தங்கியிருக்கிறேன், சொந்த ஊர் முக்கூடல். உங்கள் மகள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன், கோவிச்சுக்காதீங்க.

2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, நம்ம ஊர் ஆம்னி பஸ் எல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. விடிகாலையில் டிரைவர் போன் போடுவார். துரைப்பாக்கத்தில் இருந்து கிளம்பிப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஆபீஸ் லாக்-இன் நேரம் வந்துவிடும். ஆட்டோவில் போனால் அந்தக் காசுக்கு இட்லிப்பொடி ஒரு வருடத்துக்கு வாங்கலாம்.

விடுதியில் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க விட மாட்டார்கள். இடிசாம்பார்ப் பொடியை வைத்து நான் என்ன செய்வேன்? வத்தல் பாக்கெட்டுகளாக அலமாரியில் கிடக்கிறது, பொரிக்கச் சட்டி கிடையாது. மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து எறும்பு சட்டைத்துணி வரை வந்துவிட்டது. தூக்கிப்போட மனசு வராமல் பூசணம் பிடிக்கிறவரை வைத்திருந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் குப்பையில் போடுவோம். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதனால் "அனுப்பாத" என்று மொட்டையாகச் சொல்லிவிடுவோம்.

எள்ளுப்பொடியும் புளிமிளகாயும் மட்டும் விதிவிலக்கு. விடுதிச் சோற்றை உள்ளே தள்ளுவதே அந்த இரண்டை வைத்துத்தான்.

தேரிக்காட்டான்:

திசையன்விளை பக்கம் எனக்கு. கிளாம்பாக்கம் தூரம் என்பதற்காகப் பெத்த தாய் அனுப்புகிறதை வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் 1994இல் தாராவியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன். எங்க அம்மை தகர டின்னில் அவலும் கருப்பட்டியும் கருவாடும் கட்டிக் கொடுத்துவிடுவாள், ஊரில் இருந்து யார் வந்தாலும் அவர்கள் தலையில் ஒரு டின். அதைத் தின்றுதான் வளர்ந்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா ஆர்டர் பண்ணித் தின்கிறார்கள். அம்மாமார் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு உளுந்தங்களி என்றால் என்ன என்று கேட்பார்கள். தங்கச்சி, நீங்கள் அனுப்புங்கள். இன்றைக்கு வேண்டாம் என்பாள், காய்ச்சல் வந்தால் தேடுவாள்.

துரைப்பாக்கத்து நெல்லைக்காரி:

அண்ணாச்சி, அந்த டின்னை யாரோ உங்கள் கடை வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீங்கள் விடிகாலையில் எழுந்து போய் வாங்கவில்லை :)

பாளை ஆச்சி:

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பொருநைக்கரை, பெட்டி விஷயத்தை இவர்கள் பேசிக்கொள்ளட்டும். நீ இரண்டாவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 50க்கும் நடுவில் மாதவிலக்கு நிற்கிறது. ஒரே நாளில் நிற்காது, அதற்கு முன்னால் சில வருடம் இப்படி இழுத்தடிக்கும். சூடு, வேர்வை, தூக்கமின்மை, எரிச்சல், அழுகை எல்லாம் ஹார்மோன் சுரப்பு ஏறி இறங்குவதால் வருவது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வரவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அப்படி நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். உனக்கு நிற்காமல் போகிறது என்கிறாய், அதற்கும் பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேன், ரத்த அளவு, தைராய்டு மூன்றையும் பார்ப்பார்கள். "இந்த வயசுல இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதே. கர்ப்பப்பையில் நார்க்கட்டி முற்றிப்போய், ரத்தம் எல்லாம் வற்றி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் வீட்டில் மற்றவர்களுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போட்டவர்கள்தான்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அந்தப் பாதியில் நீயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது உளுந்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் உளுந்தங்களி யாருக்குக் கிண்டுகிறோம்? சமைந்த பிள்ளைக்கு. அப்புறம் பிள்ளை பெற்றவளுக்கு. இடுப்பு எலும்புக்குப் பலம் என்று சொல்லி நல்லெண்ணெய் ஊற்றி ஊட்டுகிறோம். மாதவிலக்கு நிற்கப்போகிறவளுக்கு யாராவது கிண்டிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. உண்மையில் எலும்பு வேகமாகத் தேய்வது அப்போதுதான். சமைந்தபோது அம்மையும் ஆச்சியும் சுற்றி நின்றார்கள், பேறுகாலத்துக்குத் தாய்வீடு இருந்தது. 48 வயதுக்காரிக்கு யார் வீடு இருக்கிறது? அவளே கிண்டித்தான் அவளே தின்ன வேண்டும். வறுத்து வைத்திருக்கிற உளுந்து உனக்குத்தான்.

மணிமுத்தாறு:

பாளை ஆச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் நிலைமை கொஞ்சம் வேறே. கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து 41 வயதில்தான் எனக்கு மகன் பிறந்தான். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது, சிசேரியன். இப்போது அவன் நாலாம் வகுப்பு, எனக்கு 50. நீங்கள் எல்லாம் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தவிக்கிறீர்கள், நான் மூட்டுவலியோடு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் "பாட்டி வந்திருக்காங்க" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைமேல் என்ன தப்பு?

எனக்கு இருக்கிற பயம் உங்களுக்கு நேர்மாறு. அவனுக்கு இருபது ஆகும்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிடும். என்னிடம் உடம்பு தெம்பாக இருக்கும்போதே அவன் சில வேலைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டேன். தன் தட்டைத் தானே கழுவுகிறான். தோசை தானே ஊற்றுகிறான், வட்டமாக வராது, ஆனால் வேகும். மாமியார் இருந்திருந்தால் "ஆம்பளப் பிள்ளைய அடுப்படில நிக்க வைக்கியே" என்று ஏசியிருப்பார்கள். ஊட்டி ஊட்டி வளர்க்கிற காலம் எனக்கு வாய்க்கவில்லை என்று முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

சாரல் வாசல்:

தென்காசி. எனக்கு 56, மகள் கல்யாணமாகிப் புனேயில். எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் சொதி வைப்பது முறை, மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காயை மூன்று தடவை பால் எடுத்து, பாசிப்பருப்பு போட்டு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வேகவிட்டு, கடைசியில் கெட்டிப்பாலும் எலுமிச்சையும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இஞ்சி இல்லாமல் அவ்வளவு தேங்காய்ப்பால் யாருக்கும் செரிக்காது.

அந்தச் சொதியை என் மகள் புனேயில் பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பாலில் வைக்கிறாள். முருங்கைக்காய் கிடைக்காத நாளில் குடமிளகாய் போடுகிறாள். போட்டோ அனுப்பினாள். "இது சொதியே இல்ல" என்று விரல் வரை வந்துவிட்டது. எழுதவில்லை. மருமகன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னாள். சரி, அது அவள் வீட்டுச் சொதி. நான் அங்கே போனால் அதைத்தான் சாப்பிடுவேன், குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்தபிறகு தங்கச்சியிடம் சொல்லிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

பெட்டி அனுப்புவதைவிட எனக்கு நிறுத்தக் கஷ்டமாக இருந்தது "சாப்பிட்டியா" என்று கேட்பதுதான். காலை, மத்தியானம், ராத்திரி. அவள் மீட்டிங்கில் இருப்பாள், நான் கேட்பேன். ஒருநாள், "இல்லம்மா, இன்னைக்குச் சாப்பிடல. இப்ப நீ அங்க இருந்து என்ன பண்ணப்போற?" என்றாள். உண்மைதானே, என்ன பண்ண முடியும்? இப்போது ராத்திரி ஒரு தடவை பேசுகிறோம். சில நாள் அவளே "நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்கிறாள். "மிச்சமிருந்த பழையதும் மோரும்" என்று சொன்னால் எனக்கு ஏச்சு விழுகிறது.

தேரிக்காட்டான்:

பாளை ஆச்சி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். தங்கச்சி உடம்பைப் பார்க்கட்டும். ஆனால் ஒன்று, களிக்கு உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். புவிசார் குறியீடு வாங்கின கருப்பட்டி, சர்க்கரைக்காரர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம். சீனி கலந்து காய்ச்சுகிற போலிதான் இப்போது சந்தையில் நிறைய.

பாளை ஆச்சி:

அண்ணாச்சி, போலி நிறைய என்பது சரி. சர்க்கரைக்காரர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பது தப்பு. பதநீரைக் காய்ச்சினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் கூட இருக்கும், அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. வியாபாரத்துக்குச் சொல்வதை வைத்தியமாகச் சொல்லாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் களிக்குப் பதில் உளுந்தஞ்சோறு பொங்கலாம். அதிலும் அரிசி இருக்கிறது, அளவோடு. உளுந்தில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கூட எள்ளுத்துவையல் வைத்தால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்னது, மற்றப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 1000தான். துவையலையே நம்பி இருக்காமல் பால், மோர், கேழ்வரகு, கீரை, நெத்திலி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணிநேரமாவது போகட்டும்.

வள்ளியூர்க்காரன்:

குறுக்கே ஒரு சந்தேகம். பொருநைக்கரை அக்கா, மகளுக்கு மாசம் ஒரு பெட்டி போகிறது. கோயம்புத்தூரில் இருக்கிற மகனுக்கு?

பொருநைக்கரை:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அவனுக்குப் பெட்டி போகாது, அவனே மாசம் ஒரு தடவை ராத்திரி ரயிலில் வந்து இரண்டு நாள் தின்றுவிட்டு, அழுக்குத்துணியைப் போட்டுவிட்டுத் துவைத்ததை எடுத்துக்கொண்டு போகிறான். இதுவரை அது எனக்கு வேலையாகவே தோன்றவில்லை. மகள் விலகுகிறாள் என்று அழுதேன், இவன் விலகாததைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பாளை ஆச்சி, உங்களுக்கு ஒரு எதிர்ப்பேச்சு. எனக்காகக் கிண்டு என்று எழுதிவிட்டீர்கள். நேற்று அடுப்படிக்குப் போனேன், கை ஓடவில்லை. பிள்ளைகளுக்கு என்றால் விடிகாலையில் எழுந்து அரைப்பேன். தனக்கு என்று வரும்போது ரசத்தோடு முடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் அம்மையும் அப்படித்தான், சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத்தான் சாப்பிடுவாள். அவளுக்குக் கடைசியில் இடுப்பெலும்பு முறிந்தது. அதையும் யோசித்தேன். இருந்தாலும் கை ஓடவில்லை.

மணிமுத்தாறு:

தனியாகத் தின்ன வேண்டும் என்றால் எனக்கும் ஓடாது அக்கா. எங்கள் தெருவில் ஒரே வயசுக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் உளுந்தஞ்சோறு, அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் கூட்டாஞ்சோறு என்று வைத்துக்கொண்டோம். முதலில் வீட்டு ஆண்கள் சிரித்தார்கள். இப்போது "எங்களுக்கு இல்லையா" என்கிறார்கள். இல்லை என்றுதான் சொல்கிறோம். உங்கள் ஊரில் அக்கிரகாரத்திலும் பஜார் பக்கமும் உங்களை மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில்தானே.

துரைப்பாக்கத்து நெல்லைக்காரி:

சித்தி, இன்னொன்று. "வேணும்னா நானே கேக்கேன்" என்று உங்கள் மகள் சொன்னதை நீங்கள் பாதிதான் படித்தீர்கள். எங்கள் அம்மாவிடம் நான் அப்படிச் சொல்லி இரண்டு மாசம் கேட்கவே இல்லை. அம்மாவும் அனுப்பவில்லை, அது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தம்பி சொல்லித்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் நானே எள்ளுப்பொடி கேட்டேன், கால் கிலோ, கூரியரில், விடுதி வாசலுக்கே. அம்மா ஒரு கிலோ அனுப்பினார்கள். அது திருந்தாது, விட்டுவிடுங்கள்.

சாரல் வாசல்:

மகன் துணியை அவனே துவைக்கட்டும். அதை இந்த மாசமே தொடங்குங்கள். மகளிடம் விடுவதைவிட மகனிடம் விடுவதுதான் நமக்குக் கஷ்டம், ஏனென்றால் அங்கே யாரும் நம்மை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

பொருநைக்கரை:

இடையில் எழுத முடியவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்கேனில் சின்ன நார்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாசம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.1. இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டீயை நிறுத்துவது மாத்திரையைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மகன் வந்தான். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வெள்ளிக்கிழமை யோசனையைப் பக்கத்து வீட்டு மைனியிடம் சொன்னேன், அவர்களும் சரி என்றார்கள். இந்த வாரம் என் முறை. களியே கிண்டிவிடலாம் என்று இருக்கிறேன், கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்து. அளவு யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: தொலி உளுந்து நாலு பங்குக்குப் பச்சரிசி ஒரு பங்கு போட்டு வறுத்திருக்கிறேன். இதை மிக்ஸியில் அரைத்தால் போதுமா, மாவு மில்லில் கொடுக்கவா? மிக்ஸியில் கொஞ்சம் நரநர என்று இருக்கிறது.

பாளை ஆச்சி:

அளவு சரி. மிக்ஸியில் அரைத்துச் சலித்து, மேலே நிற்கிற கப்பியைத் திரும்ப அரை. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாமல் ஊற்றாதே, மண் இருக்கும். நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டு, தண்ணீர் தொட்ட கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

தேரிக்காட்டான்:

மில்லில் மட்டும் கொடுத்திராதீங்க தங்கச்சி. முந்தின ஆள் மிளகாய் வத்தல் அரைச்சிட்டுப் போயிருப்பான்.